டர்போ உள்ள ரோட்டரி காரா, இல்லாததா: வாங்குமுன் எடைபோட வேண்டியவை

ரோட்டரி என்ஜின் பொருத்திய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்க நினைப்பதாகவும், டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) உள்ள மஸ்டா ஆர்எக்ஸ்-7 வாங்குவதா, டர்போ இல்லாத ஆர்எக்ஸ்-8 வாங்குவதா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். வார நாட்களில் வேலைக்கும் விடுமுறை நாட்களில் மலைச்சாலைக்கும் அதே காரைத்தான் எடுத்துச் செல்வீர்கள், இதற்குமுன் ரோட்டரி கார் வைத்திருந்த அனுபவம் இல்லை என்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் நிலையில் இருப்பவர் டர்போ இல்லாத காரைத்தான் வாங்க வேண்டும். டர்போ கார் மோசமானது என்பதோ, டர்போ இல்லாதது பழுதாகாது என்பதோ இதற்குக் காரணம் அன்று. இரண்டும் பழுதாகும் விதம் வேறு. டர்போ இல்லாத ரோட்டரி என்ஜின் பெரும்பாலும் மெல்ல மெல்லத் தேய்ந்து, பல மாதங்களுக்கு முன்பே அறிகுறிகளைக் காட்டத் தொடங்கிவிடும். டர்போ ரோட்டரியோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரே முடுக்கத்தில் போய்விடக்கூடும். அறிகுறிகளைப் படிக்க இனிமேல்தான் பழக வேண்டியவருக்கு இந்த வேறுபாடு குதிரைத்திறனைவிட முக்கியமானது.

இது ஏன் என்று புரிய என்ஜினின் உள்ளமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். பிஸ்டனுக்குப் பதிலாக, மூன்று முனைகள் கொண்ட ரோட்டர் ஒன்று, இடையில் சற்றே ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற கூட்டுக்குள் சுழல்கிறது. ரோட்டர் ஒருமுறை சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்றுமுறை சுற்றிவிடுகிறது. அதனால் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒருமுறை எரிப்பைத் தருகிறது. ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 இரண்டிலும் இருப்பது 13பி குடும்பத்தைச் சேர்ந்த, 654 சிசி கொள்ளளவுள்ள இரண்டு ரோட்டர்களைக் கொண்ட என்ஜின்தான். மொத்தம் 1308 சிசி. ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இந்த என்ஜின்களில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர். ரோட்டருக்கும் கூட்டுக்கும் இடையே உருவாகும் மூன்று அறைகளில் ஒன்றின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியாமல் தடுப்பது அந்தத் தகடுதான். ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்திடம் உரிமம் பெற்று 1961இல் இந்த வேலையைத் தொடங்கிய மஸ்டாவின் பொறியாளர்கள், கெனிச்சி யமாமோட்டோவின் தலைமையில் பல ஆண்டுகள் போராடியதும் பெரும்பாலும் இந்தத் தகட்டோடும் அது கூட்டின் உட்சுவரில் கீறிய வரித்தழும்புகளோடும்தான். 1967இல் கோஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தபோது பிரச்சினை கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் ரோட்டரி என்ஜினின் ஆயுள் இன்றளவும் அந்தத் தகட்டையே பெரிதும் நம்பியிருக்கிறது.

டர்போவும் ரோட்டரியும் இயல்பாகவே நன்றாகப் பொருந்துபவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்எக்ஸ்-7இன் புகைவழி கூட்டின் வெளிவிளிம்பிலேயே இருப்பதால், எரிந்த வாயு மிகுந்த வெப்பத்தோடும் வேகத்தோடும் ஒரே உந்தாக வெளியே பாய்கிறது. டர்போவின் சக்கரமான டர்பைனைச் சுழற்ற இதைவிட நல்ல மூலம் கிடைக்காது. வால்வுகள் இல்லை, ஆகவே அவை கருகும் கவலையும் இல்லை. இதனால்தான் குறைந்த கொள்ளளவுள்ள இந்த என்ஜினிலிருந்து மஸ்டாவால் அவ்வளவு திறனை எடுக்க முடிந்தது. ஆனால் அதே வெப்பம்தான் எதிரியும். ரோட்டரியில் எரிப்பு எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில் நிகழ்கிறது. காற்று உள்ளே வரும் பக்கம் எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது. அலுமினியக் கூடுகளையும் வார்ப்பிரும்புத் தட்டுகளையும் மாறி மாறி அடுக்கி, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கிய இந்த அமைப்பு ஒருமுறை அளவுமீறிச் சூடானாலே தட்டுகளுக்கிடையே உள்ள கூலன்ட் சீல்கள் கெட்டுவிடும்.

அதைவிடக் கொடியது நாக்கிங், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை சீராக எரியாமல் தானாகவே வெடிப்பது. பிஸ்டன் என்ஜினில் லேசான நாக்கிங்கைச் சில காலம் தாங்கிக்கொள்ளலாம். காதுக்கும் கேட்கும், ஓட்டுநர் காலை எடுத்துவிடுவார். ரோட்டரியில் அது எளிதில் கேட்பதில்லை. பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், முழுமையாக இருக்கும்போது பெட்ரோல் ஒரு கணம் போதாமல் போனாலோ, தீப்பொறி சற்று முந்திவிட்டாலோ எழும் அதிர்ச்சி அலை நேராக அந்த மெல்லிய தகட்டைத் தாக்குகிறது. தகடு உடைந்தால் துண்டுகள் கூட்டின் உட்சுவரைக் கீறிக்கொண்டு புகைவழியாக வெளியேறும்போது டர்பைன் இறக்கைகளையும் தாக்கிவிட்டுப் போகும். ஆக, ஒரு நொடித் தவறு என்ஜினோடு டர்போவையும் சேர்த்துக்கொண்டு போகிறது. டர்போ இல்லாத என்ஜினிலும் நாக்கிங் நிகழலாம். ஆனால் அறைக்குள் அழுத்தம் அந்த அளவுக்கு ஏறாததால் தகடு உடைவது அரிது.

நீங்கள் கண் வைத்திருக்கும் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, ஆர்வலர்கள் எஃப்டி என்று அழைக்கும் கார், 1991 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் 255 பிஎஸ் (குதிரைத்திறனுக்கான மெட்ரிக் அளவு), 1996இல் 265 பிஎஸ், 1999இல் 280 பிஎஸ் என்று ஜப்பானியச் சந்தைக்கான அதன் திறன் உயர்ந்துகொண்டே வந்தது. எடை ஏறத்தாழ 1,300 கிலோ மட்டுமே. இரண்டு டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும்: குறைந்த வேகத்தில் முதலாவது மட்டும், ஏறத்தாழ 4,500 ஆர்பிஎம்மில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்த மாற்றத்தை நிகழ்த்துவதற்கு காற்றை என்ஜினுக்குள் பகிரும் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் சொலினாய்டுகளும் (மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வுகள்) வேக்யூம் குழாய்களும் கொத்துக் கொத்தாக அடைந்துகிடக்கின்றன. முப்பது ஆண்டு வெப்பத்தில் அந்த ரப்பர் குழாய்கள் இறுகி, தொட்டாலே விரிசல்விடும் நிலைக்கு வந்திருக்கும். ஒன்று விட்டாலும் இரண்டாவது டர்போ சேராது, அல்லது தவறான நேரத்தில் சேரும். பூஸ்ட் மீட்டர் பொருத்திய நல்ல எஃப்டி ஒன்றை மூன்றாவது கியரில் அழுத்தி ஓட்டினால், முள் 10 பிஎஸ்ஐ வரை ஏறி, 4,500இல் 8க்குச் சற்றே இறங்கி, மறுபடி 10க்குத் திரும்பும். விற்பவர் “கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிக்கும், ஆனால் ஒன்றும் ஆகாது” என்று சொன்னால், அந்தக் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

எஃப்டியில் என்ஜின்கள் போனதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, உரிமையாளர்கள் செய்த சிறு மாற்றங்கள். புகைக்குழாயில் இருக்கும் தடைகளை நீக்கினால் வெப்பம் குறையும், சத்தம் நன்றாயிருக்கும் என்று புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்களில் முதலாவதான முன்-கன்வெர்ட்டரைக் கழற்றுவார்கள். அதோடு நிறுத்தாமல் முதன்மை கன்வெர்ட்டரையும் மஃப்ளரையும் மாற்றிவிடுவார்கள். தடை போனதும், டர்போவிலிருந்து உபரி வாயுவை வெளியேற்றும் சிறிய வேஸ்ட்கேட் துளை போதாமல், பூஸ்ட் தானாகவே ஏறிக்கொண்டே போகும். என்ஜினைக் கட்டுப்படுத்தும் ஒரிஜினல் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத் தரத் தெரியாது. அதன் விளைவுதான் மேலே நான் விவரித்த நாக்கிங். ஆகவே எஃப்டி வாங்குவதானால், பெரிய இன்டர்கூலரும் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது) பளபளக்கும் குழாய்களும் உள்ள காரைவிட, யாரும் கைவைக்காத, சலிப்பூட்டும் அளவுக்கு ஒரிஜினலான காருக்கே கூடுதல் விலை கொடுங்கள். மாற்றியமைத்த கார்தான் கிடைக்கிறது என்றால், அதன் கம்ப்யூட்டரை ட்யூன் செய்தவர் ரோட்டரியில் தேர்ந்தவரா என்பதை விசாரித்து அறியாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இனி ஆர்எக்ஸ்-8. 2003 முதல் 2012 வரை வந்த இந்தக் காரின் ரெனெசிஸ் என்ஜின், டர்போ இல்லாமலேயே ஜப்பானிய ஆறு கியர் மாடலில் 250 பிஎஸ் தருவதாக அறிவிக்கப்பட்டது. அது கிடைப்பது 8,500 ஆர்பிஎம்மில். முறுக்குவிசை 216 நியூட்டன் மீட்டர்தான். ஆரம்பகால எஃப்டியிலேயே 294, கடைசியில் 314 நியூட்டன் மீட்டர். தாளில் பார்த்தால் திறனில் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். சாலையில் முற்றிலும் வேறு அனுபவம். எஃப்டி முதுகை இருக்கையோடு அழுத்தும். ஆர்எக்ஸ்-8 நகரத்தில் மந்தமாகவே தோன்றும். 6,000க்கு மேல்தான் விழித்துக்கொள்ளும், 9,000 வரை எந்த அதிர்வும் இல்லாமல் ஏறும். மலைச்சாலையில் இது குறையன்று என்பது என் உறுதியான கருத்து. வளைவிலிருந்து வெளியேறும்போது கால் அழுத்தும் அளவுக்கே சக்கரத்துக்கு விசை போகிறது. பூஸ்ட் எப்போது வரும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. ஸ்டியரிங் சொல்வதையும் பின்சக்கரம் சொல்வதையும் கேட்டுக்கொண்டே ஓட்டப் பழகுபவருக்கு இதைவிட நல்ல பின்சக்கர இயக்கக் கார் எதையும், இதே விலைக்கு, என்னால் பரிந்துரைக்க முடியாது. நான்கு பேர் அமரலாம், பின்கதவுகளும் உண்டு என்பது வேலைக்கு எடுத்துச் செல்லும் உங்களுக்குக் கூடுதல் வசதி.

ஆனால் ரெனெசிஸின் குறைகளை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. புகைவழியை வெளிவிளிம்பிலிருந்து பக்கத் தட்டுகளுக்கு மாற்றியதுதான் அதன் புதுமை. அதனால் உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது நின்று, எரியாத பெட்ரோல் வெளியேறுவது குறைந்தது. மறுபக்கம், ரோட்டரின் பக்க சீல்கள் சூடான புகைவழிகளின்மேல் ஓயாமல் ஓடி, கார்பன் படிந்து சிக்கிக்கொள்ளும் தொல்லை வந்தது. சீல்களுக்கு எண்ணெய் தெளிக்கும் குழல்களும் ஆரம்ப மாடல்களில் போதவில்லை. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு என்ஜினின் மையப் பகுதிக்கான உத்தரவாதத்தை மஸ்டாவே 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டிக்க வேண்டியிருந்தது. 2008இல் வந்த இரண்டாம் தொடர் கார்களில் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்றாவது எண்ணெய்க் குழல் சேர்க்கப்பட்டு, எண்ணெய் பம்ப்பும் மின்சாரத்தில் இயங்குவதாக மாற்றப்பட்டது. விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் இரண்டாம் தொடரையே தேடுங்கள். முதல் தொடர்தான் கைக்கு எட்டுகிறது என்றால், ஆறு உள்வழிகள் கொண்ட உயர்திறன் மாடலா, நான்கு வழிகள் கொண்ட குறைந்த திறன் மாடலா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இவை முறையே 231 பிஎஸ், 192 பிஎஸ் என்று விற்கப்பட்டன.

ரெனெசிஸ் போவதற்கு முன் நிறையச் சொல்லும் என்றேனல்லவா, அது இப்படித்தான். முதலில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் பலவீனமாகும். அவை இந்தக் காரில் தேயும் பொருள் என்றே கருதி, குறிப்பிட்ட இடைவெளியில் நான்கையும் மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கி அடைத்துவிடும். அடைத்த கன்வெர்ட்டர் வெப்பத்தை என்ஜினுக்குள்ளேயே திருப்பும்; சீல்கள் அப்போதுதான் கெடத் தொடங்கும். ஆக, சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள காயிலில் தொடங்கும் சங்கிலி முழு என்ஜினில் முடிகிறது. ஆனால் நடுவில் நிறுத்திக்கொள்ள உங்களுக்குப் பல வாய்ப்புகள் உண்டு. டர்போ காரில் இல்லாதது அந்த வாய்ப்புகள்தாம்.

டர்போ இல்லாத ரோட்டரி என்றால் இரண்டாம் தரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1991இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி காரின் நான்கு ரோட்டர் என்ஜினில் டர்போ கிடையாது. இதே 654 சிசி ரோட்டர்கள் நான்கு, 2616 சிசி, ஏறத்தாழ 700 பிஎஸ். ஃபோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ரான்ட் காஷோ மூவரும் மாறி மாறி ஓட்டிய அந்தக் கார்தான் அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியக் கார். ஒரு நாள் முழுவதும் உச்ச வேகத்தில் ஓட வேண்டிய இடத்தில் அந்தப் பொறியாளர்கள் நீளம் மாறும் காற்றுக்குழாய்களையே நம்பினார்கள். 2023இல் எம்எக்ஸ்-30 காரின் மின்னாக்கியாக ரோட்டரியை மீண்டும் கொண்டுவந்தபோதும் 830 சிசி ஒற்றை ரோட்டருக்கு டர்போ வைக்கவில்லை. அபெக்ஸ் சீலின் தடிமனையோ 2.5 மில்லிமீட்டராகக் கூட்டினார்கள்.

இரண்டுக்கும் நடுவில், 1985 முதல் 1991 வரை வந்த இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, அதாவது எஃப்சி, இன்னொரு வழி. அதில் டர்போ உள்ளதும் இல்லாததும் ஒருசேரக் கிடைத்தன. அமெரிக்கச் சந்தையின் 1989 மாடலில் முறையே 200, 160 குதிரைத்திறன். ஒரே ஒரு டர்போ என்பதால் எஃப்டியின் குழாய்ச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம். ஆனால் டர்போ இல்லாத எஃப்சியை மலிவாக வாங்கிப் பிறகு டர்போ பொருத்திக்கொள்ளலாம் என்ற யோசனையை மட்டும் கைவிட்டுவிடுங்கள். டர்போ மாடலுக்குக் குறைந்த காம்ப்ரஷன் (அறைக்குள் கலவையை அழுத்தும் அளவு) உள்ள ரோட்டர்கள், வலுவான கியர்பாக்ஸ், வேறு டிஃபரன்ஷியல், வேறு கம்ப்யூட்டர் எல்லாம் கொடுத்திருந்தார்கள். அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நேரடியாக டர்போ காரையே வாங்கியிருக்கலாம் என்ற இடத்தில்தான் கணக்கு வந்து நிற்கும். ஆர்எக்ஸ்-8க்கு டர்போ பொருத்துவது அதைவிட மோசம்: அதன் காம்ப்ரஷன் விகிதம் 10, டர்போவுக்கு அது அதிகம், பக்கவாட்டுப் புகைவழியில் டர்பைனைச் சுழற்றும் அந்த வலுவான உந்தும் இல்லை.

பெட்ரோல் செலவில் இரண்டுமே கைகொடுக்காது. இரண்டும் எண்ணெயையும் எரிக்கும். சீல்களை நனைக்கவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு முறை டேங்க் நிரப்பினால் ஒருமுறையாவது எண்ணெய் அளவைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வேலைக்குப் போகும் தூரம் மிகக் குறைவு என்றால் எச்சரிக்கையாக இருங்கள்: குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி, காரைச் சற்று நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், எரியாத பெட்ரோல் சீல்களின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், அடுத்த முறை காம்ப்ரஷன் இல்லாமல் கிளம்ப மறுக்கும். கிளப்பினால் சூடாகும்வரை ஓட்டுங்கள், சூடான பிறகு நாளுக்கு ஒருமுறையாவது உயர்ந்த ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோங்கள். கார்பன் படியாமலிருக்க அதுவே சிறந்த வழி. எஃப்டியில் இதோடு, வேகமாக ஓட்டிய பின் டர்போ குளிரும்வரை நிதானமாக ஓட்டி நிறுத்தும் பழக்கமும், ரேடியேட்டர், கூலன்ட் குழாய்கள், ஆரம்ப மாடல்களில் இருந்த பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டி ஆகியவற்றின்மேல் ஓயாத கண்ணும் வேண்டும்.

எந்தக் காரானாலும், காம்ப்ரஷன் சோதனை செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சாதாரண பிஸ்டன் என்ஜின் மீட்டர் மூன்று அறைகளில் மிக உயர்ந்த அளவை மட்டுமே காட்டி ஏமாற்றும். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று அளவுகளைத் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி மீட்டர் உள்ள பட்டறைக்கே போங்கள். ரெனெசிஸுக்கு 250 ஆர்பிஎம்மில் 680 கிலோபாஸ்கல் குறைந்தபட்ச அளவு. ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் வித்தியாசம் 150ஐத் தாண்டக் கூடாது. என்ஜின் நன்கு சூடான நிலையில் எடுத்த அளவுகளையே நம்புங்கள். மீட்டர் கிடைக்காத ஊரில், ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லி அந்தத் துளையருகே காதைக் கொடுங்கள். ஒரே அளவான மூன்று மூச்சுகள் இடைவிடாமல் வர வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மூச்சுகள் பலவீனமாக வந்தால், அந்த இரண்டு அறைகளுக்கும் இடையே உள்ள அபெக்ஸ் சீல் போய்விட்டது என்று பொருள். ஒன்று மட்டும் மெலிந்தால் பக்க சீலைச் சந்தேகிக்கலாம். இன்னொரு சோதனை: அரைமணி நேரம் ஓட்டிவிட்டு அணைத்து, சில நிமிடங்கள் கழித்து மறுபடி கிளப்புங்கள். தேய்ந்த ரெனெசிஸ் காலையில் குளிர்ந்த நிலையில் நன்றாகக் கிளம்பும், சூடான பிறகு நெடுநேரம் சுழன்றும் கிளம்பாது. அதனால்தான் சில விற்பனையாளர்கள் நீங்கள் வருமுன் என்ஜினை ஆறவைத்து வைத்திருப்பார்கள். நீங்களோ சூடான காரையே பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். கிளப்பியவுடன் வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும், கூலன்ட் நிரப்பும் வாயில் குமிழிகள் எழுவதும் கூலன்ட் சீல் போனதற்கான அடையாளங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எஃப்டிதான் வேண்டும் என்று மனம் சொன்னால், அந்த ஆசையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அந்த வடிவத்தையும் அந்த இழுப்பையும் வேறு எந்தக் காரும் தருவதில்லை. அப்போது மூன்று நிபந்தனைகளை வைத்துக்கொள்ளுங்கள்: காரின் விலையோடு ஒரு முழு என்ஜின் மறுசீரமைப்புக்கான பணத்தையும் தனியே ஒதுக்க வேண்டும், வேலைக்குப் போக இன்னொரு வண்டி வேண்டும், ஓட்டக்கூடிய தூரத்திற்குள் ரோட்டரியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பட்டறை வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டாம் தொடர் ஆர்எக்ஸ்-8ஐ வாங்கி, முதல் வாரத்திலேயே நான்கு காயில்களையும் பிளக்குகளையும் மாற்றி, கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஓரிரு ஆண்டு ஓட்டுங்கள். ரோட்டரியின் சத்தத்தையும் வாசனையையும் வெப்பத்தையும் அந்தக் காலத்தில் நீங்களே படித்துக்கொள்வீர்கள். எஃப்டி வாங்குவதா என்ற கேள்வியை அப்போது எடுத்துக்கொள்ளலாம்.